உகாண்டாவின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மாணவர் உரிமை மன்றங்கள்: ஆதரவளிக்க விரும்புவோரின் கேள்விகளும் பதில்களும்

மாணவர் உரிமை மன்றம் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

ஒரு பள்ளியின் குழந்தைகள் வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ கூடி, தங்களைப் பாதிக்கும் சிக்கல் ஒன்றைத் தாங்களே தேர்ந்தெடுத்து, அதைப் பற்றி விசாரித்து, அதைத் தீர்க்கும் அதிகாரமுள்ள பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லி, பதில் வரும்வரை விடாமல் பின்தொடர்வதற்கான அமைப்பையே இந்தப் பக்கத்தில் மன்றம் என்கிறோம். உகாண்டாவின் பல பள்ளிகளில் விவாத மன்றம், சுகாதார மன்றம், இசை நடன நாடகக் குழு போன்றவை ஏற்கெனவே உள்ளன. உரிமை மன்றம் அவற்றில் ஒன்றுக்குள்ளிருந்தே வளரலாம், தனிப்பெயர் தேவையில்லை. சிக்கலைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதுதான் பார்க்க வேண்டியது. ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாசகத்தை விருந்தினர் முன் ஒப்பிக்கும் குழுவை, அது எவ்வளவு அழகாக ஒப்பித்தாலும், நாம் மன்றமாகக் கருதுவதில்லை.

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு இது மிகவும் சிறிய வயதல்லவா?

உகாண்டாவில் தொடக்கக் கல்வி ஏழு ஆண்டுகள். ஆறு வயதில் சேரும் குழந்தை இடையூறின்றிப் படித்தால் 12 அல்லது 13 வயதில் ஏழாம் வகுப்பு முடிவில் பொதுத்தேர்வு எழுதும். ஆனால் கிராமங்களில் பிள்ளைகள் தாமதமாகச் சேர்வதும், விதைப்புக்கும் அறுவடைக்கும் பள்ளியை விட்டு நிற்பதும், ஒரே வகுப்பை மீண்டும் படிப்பதும் வழக்கமாக இருப்பதால், ஆறாம் ஏழாம் வகுப்புகளில் 14, 15 வயதுப் பிள்ளைகள் இருப்பது யாருக்கும் வியப்பளிக்காது. கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் அனைவருக்கும் முழுமையாகத் திறக்கப்பட்டன. உலகிலேயே மிக நீண்ட பள்ளி மூடல்களில் ஒன்றான அது இந்த வயது இடைவெளியை மேலும் விரித்தது.

குழந்தைத் திருமணம், இளவயதில் கருவுறுதல், கூலி வேலைக்கு அனுப்பப்படுதல் ஆகியவை குழந்தைகளை நெருங்குவது இந்த வயதில்தான். பலர் உயர்நிலைப் பள்ளிக்குப் போவதே இல்லை. அங்கே மன்றம் அமைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அது யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் அதற்கு முன்பே பள்ளியைவிட்டுப் போயிருப்பார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, எந்தக் கழிப்பறைக்குக் கதவில்லை, நண்பகலில் யார் பட்டினியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர்களைவிடத் துல்லியமாக அறிந்தவர் எவரும் இல்லை.

இது வெளிநாட்டு அமைப்புகள் கொண்டுவந்து புகுத்திய வழக்கமா?

இந்த ஐயம் உகாண்டாவின் பெற்றோர்களிடமும் உண்டு. அதற்கு மதிப்பளித்துப் பதில் சொல்ல வேண்டும். நிதி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்திருக்கிறது என்பது உண்மை. செயல்முறையும் சிந்தனையும் அப்படியல்ல. 1996-இல் தான்சானியாவின் டார் எஸ் சலாம் பல்கலைக்கழக நாடகத் துறையைச் சேர்ந்த பெனினா முகாண்டோ ம்லாமா முதலியோர் ‘டுசேமே’ (சுவாஹிலி மொழியில் ‘பேசுவோம்’) என்ற முறையை உருவாக்கினார்கள். பெண் பிள்ளைகள் தங்கள் பள்ளி வாழ்வின் தடைகளைத் தாங்களே ஆராய்ந்து, அவற்றை நாடகமாக்கி, ஆசிரியர்கள் முன்னும் ஊரார் முன்னும் நடித்து, நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களோடு விவாதித்து, அடுத்து என்ன செய்வது என்று திட்டம் வகுப்பது அதன் நடைமுறை. 1992-இல் ஆப்பிரிக்கக் கல்வி அமைச்சர்களாக இருந்த பெண்கள் சேர்ந்து தொடங்கிய, நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்கப் பெண் கல்வியாளர் மன்றம் அதைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றது.

உகாண்டாவிலேயே, 2001 ஆகஸ்டில் கம்பாலாவில் பெண்கல்வி இயக்கம் தொடங்கப்பட்டது. பெண் பிள்ளைகள் தலைமை ஏற்க வேண்டும், ஆண் பிள்ளைகள் துணை நிற்க வேண்டும், பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதன் பள்ளி மன்றங்கள், படிப்பை நிறுத்திவிட்ட குழந்தைகள் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்று ஊரைக் கணக்கெடுத்து, அவர்களைத் திரும்ப அழைத்துவரும் வேலையைச் செய்தன.

ஆப்பிரிக்கா முழுவதும் ஜூன் 16 குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படுவதன் காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1976-இல் அதே நாளில், தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோவில், அன்று ஆண்ட வெள்ளையரின் மொழியான ஆஃப்ரிகான்ஸில் பாடம் நடத்தும் ஆணையை எதிர்த்துச் சீருடையோடு ஊர்வலம் போன மாணவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பள்ளிக் குழந்தைகள் தங்கள் கல்வியைப் பற்றிப் பேசுவது அந்தக் கண்டத்தின் சொந்த வரலாறு.

சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. 1990-இல் ஏற்கப்பட்டு 1999-இல் நடைமுறைக்கு வந்த ஆப்பிரிக்கக் குழந்தைகள் உரிமை சாசனத்தின் 7-ஆம் பிரிவு கருத்துரிமையையும் 8-ஆம் பிரிவு கூடும் உரிமையையும் குழந்தைகளுக்கு வழங்குகின்றன; உகாண்டா 1994-இல் அதில் இணைந்தது. அதே சாசனம் 31-ஆம் பிரிவில் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் குழந்தைகள் ஆற்ற வேண்டிய கடமைகளையும் குறிப்பிடுகிறது. ஊர்ப் பெரியவர்களோடு பேசும்போது இந்தப் பிரிவை முதலில் வாசித்துக் காட்டுவது நல்லது. உரிமை என்றால் பணியாமை என்று அஞ்சுபவர்களுக்கு அது தெளிவு தரும். உகாண்டாவின் 1995 அரசியலமைப்பு திருமண வயதை 18 என்று வைத்திருக்கிறது. பள்ளிகளில் உடல் தண்டனை 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைகள் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆயினும் பிரம்பு பல வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது.

இவற்றால் உண்மையில் ஏதேனும் மாறுகிறதா?

ஒரு நல்ல சான்று உண்டு. கம்பாலாவைச் சேர்ந்த ‘ரெய்சிங் வாய்சஸ்’ என்ற அமைப்பு, பள்ளிகளில் வன்முறையைக் குறைப்பதற்காக ‘குட் ஸ்கூல் டூல்கிட்’ என்ற செயல்முறைத் தொகுப்பை உருவாக்கியது. லுவேரோ மாவட்டத்தின் 42 தொடக்கப் பள்ளிகளில் அது சோதிக்கப்பட்டது. பாதிப் பள்ளிகளில் 18 மாதங்கள் இந்த முறை நடைமுறையில் இருந்தது. மறுபாதி ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது. முடிவில், கடந்த ஒரு வாரத்தில் பள்ளிப் பணியாளர் தங்களை அடித்ததாகச் சொன்ன குழந்தைகள் ஒப்பீட்டுப் பள்ளிகளில் ஏறத்தாழ 49 சதவீதமாகவும், செயல்முறை நடந்த பள்ளிகளில் 31 சதவீதமாகவும் இருந்தார்கள். 2015-இல் இந்த முடிவுகள் ஆய்விதழில் வெளியாயின.

இதில் இரண்டு செய்திகளைப் பிரிக்காமல் படிக்க வேண்டும். குறைவு மிகப் பெரியது. ஆயினும் முறை நடந்த பள்ளிகளிலும் பத்தில் மூன்று குழந்தைகள் அந்த வாரத்தில் அடி வாங்கியிருக்கிறார்கள். அடுத்து, அந்த முறை குழந்தைகளை மட்டும் நம்பி நடக்கவில்லை. மாணவர் குழு இருந்தது. அதற்கு இணையாக ஆசிரியர் குழுவும் ஊர்மக்கள் குழுவும் இருந்தன. ஒவ்வொரு பள்ளியிலும் முன்னின்று நடத்த ஆசிரியர் இருவரும் மாணவர் இருவரும் பொறுப்பேற்றார்கள். மாணவர் மன்றத்தை மட்டும் தனியே எடுத்து நிறுத்திவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பேசத் தொடங்கும் குழந்தைக்கு ஆபத்து வராதா?

வரும். ஆதரவளிக்க முன்வருபவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. மன்றத்துக்கு என்ன வாங்கித் தரலாம் என்பது இதற்குப் பின்னரே வர வேண்டும்.

லுவேரோ ஆய்வின் இறுதிக் கணக்கெடுப்பில், பாதுகாப்பான முறையில் கேட்டபோது குழந்தைகள் சொன்னவற்றின் அடிப்படையில் 434 குழந்தைகள் பாதுகாப்புச் சேவைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நம்பிக்கையளித்துக் கேட்டால் குழந்தைகள் சொல்லிவிடுகிறார்கள். சொன்னதைக் கேட்டுச் செயல்பட யாரும் இல்லாத இடத்தில், சொன்ன குழந்தை மாலையில் அதே வீட்டுக்கும் காலையில் அதே வகுப்புக்கும்தான் போக வேண்டும். பேசப் பயிற்சி அளித்துவிட்டுக் கேட்பவர்களைத் தயார் செய்யாமல் விடுவது குழந்தைக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

எனவே முதல் கூட்டத்துக்கு முன்பே சில ஏற்பாடுகள் முடிந்திருக்க வேண்டும். உகாண்டாவின் பள்ளிகளில் பெண் பிள்ளைகளின் நலனைக் கவனிக்க மூத்த ஆசிரியை ஒருவரும் ஆண் பிள்ளைகளுக்கு மூத்த ஆசிரியர் ஒருவரும் பொறுப்பில் இருப்பார்கள். மாவட்டத்தில் நன்னடத்தை மற்றும் சமூகநல அலுவலர் இருக்கிறார். கட்டணமில்லாத 116 என்ற குழந்தைகள் உதவி எண் உண்டு. இந்த மூன்று வழிகளும் அந்தக் குறிப்பிட்ட பள்ளிக்கு உண்மையில் வேலை செய்கின்றனவா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்: அலுவலர் எத்தனை நாளில் வந்து சேர்வார், அவர் வருவதற்கு மோட்டார் சைக்கிளும் எரிபொருளும் இருக்கின்றனவா, அந்த ஊரில் செல்பேசி சமிக்ஞை கிடைக்கிறதா என்பவை அனைத்தும் குழந்தையின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கேள்விகள். சில மாவட்டங்களில் மன்றத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அந்த அலுவலரின் பயணச் செலவை ஏற்பதாகவே இருக்கும்.

மன்றத்துக்குள்ளும் சில வரையறைகள் தேவை. குழந்தை தன் சொந்தத் துன்பத்தைக் கூட்டத்தில் எழுந்து சொல்லுமாறு ஒருபோதும் தூண்டக் கூடாது. நாடகத்தில் கற்பனை மாந்தரை வைத்து அதையே சொல்ல முடியும். குற்றம் செய்தவரின் பெயரைப் பொதுவில் சொல்வது குழந்தையின் வேலையல்ல. கோரிக்கைக் கடிதங்கள் மன்றத்தின் பெயரில் போக வேண்டுமே தவிர ஒரு பிள்ளையின் கையெழுத்தில் போகக் கூடாது. கருத்துப் பெட்டி வைத்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். தலைமையாசிரியரிடம் மட்டும் சாவி இருக்கும் பெட்டியில் தலைமையாசிரியரைப் பற்றிய குறை விழாது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர் முன்னிலையில் குறிப்பிட்ட நாளில் திறப்பு, காலை வணக்கக் கூட்டத்தில் பொதுவான பதில் என்று வைத்துக்கொண்டால்தான் அதில் தாள் விழும்.

குழந்தைத் திருமணத்தில் மேலும் கவனம் வேண்டும். பெண்ணின் குடும்பத்துக்குப் பரிசமாக மாடுகளோ பணமோ தருவதாகப் பேச்சு முடிந்திருக்கும்; அந்த மாடுகளைக் கொண்டு அண்ணனின் திருமணத்தையே திட்டமிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டு வாசலில் போய் நின்று தட்டிக் கேட்கும் பொறுப்பைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் விடுவது தவறு. பள்ளிக்கு வராத தோழியை ஆசிரியரோடு போய்ப் பார்த்து அழைப்பதைப் பிள்ளைகள் செய்யலாம். நிச்சயமான திருமணத்தை நிறுத்தும் பொறுப்பு முழுக்கவும் பெரியவர்களுடையது.

யாரிடம் முதலில் பேச வேண்டும்?

மாவட்ட நிர்வாகத்திடம். 2016 ஆம் ஆண்டின் அரசு சாரா அமைப்புகள் சட்டத்தின்படி ஓர் அமைப்பு ஒரு மாவட்டத்தில் வேலை செய்ய உள்ளாட்சியின் ஒப்புதலும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் தேவை. பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, கிராம உள்ளாட்சித் தலைவர். பல அரசுப் பள்ளிகள் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் திருச்சபைகளாலோ முஸ்லிம் அமைப்புகளாலோ தொடங்கப்பட்டவை. அந்த நிறுவனர் அமைப்புக்கு மேலாண்மைக் குழுவில் இன்றும் செல்வாக்கு உண்டு. அவர்களை விட்டுவிட்டுத் தொடங்கிய வேலை நீடிப்பது கடினம்.

மன்றம் எந்த வேலையில் தொடங்கலாம்?

ஒரு பருவத்துக்குள் பதில் கிடைக்கக்கூடிய சிறிய சிக்கலில் தொடங்குவது நல்லது. கழிப்பறைக் கதவு, உடைந்த அடிபம்பு, தண்ணீர் எடுக்கப் போவதால் பிள்ளைகள் இழக்கும் பாடவேளை போன்றவை இதற்குப் பொருத்தமானவை. நண்பகல் உணவும் நல்ல தொடக்கம். 2008 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளின் உணவைப் பெற்றோரின் பொறுப்பாக வைத்திருப்பதால், அரசிடம் கேட்டுத் தீரும் சிக்கல் அல்ல அது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் காலையிலிருந்து மாலைவரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று பெயரில்லாமல் எண்ணி, அந்த எண்ணிக்கையைப் பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகள் படித்தால், வீட்டுக்குக் கொஞ்சம் மக்காச்சோளம் கொடுத்துப் பள்ளியில் கஞ்சி காய்ச்சுவது பற்றிய பேச்சு தொடங்கும்.

பள்ளிக்கு வரும் அரசு மானியத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது இன்னொரு வேலை. அதற்கு உகாண்டாவில் ஒரு வரலாறே உண்டு. 1991 முதல் 1995 வரை ஆசிரியர் சம்பளம் தவிர்த்த மானியத்தில் சராசரியாக 13 சதவீதம் மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு கண்டறிந்தது. அதன் பிறகு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது என்பதை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளிகள் தாங்கள் பெற்ற தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் ஆணையிட்டது. 2001-இல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. செய்தி வெளியீடு மட்டுமே காரணமல்ல, வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் உடன் நடந்தன என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் நியாயமானது. ஆனாலும் பலகையில் ஒட்டிய தொகையை யாரேனும் படித்தால்தான் அதற்குப் பயன். எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகள் அந்தத் தொகையை வீட்டில் சொல்லும்போது, மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேள்வி எழும். 1997-இல் இலவசத் தொடக்கக் கல்வி வந்ததும் மாணவர் எண்ணிக்கை சுமார் 30 இலட்சத்திலிருந்து 50 இலட்சத்துக்கு மேல் உயர்ந்த நாட்டில், ஒவ்வொரு ஷில்லிங்கும் எங்கே போகிறது என்று கேட்பது குழந்தைகளின் படிப்பைக் காக்கும் செயல்.

மரம் நடுவது எல்லோருக்கும் பிடித்தமான, எதிர்ப்பில்லாத வேலை. 1991-இல் டார் எஸ் சலாமில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 12 மாணவர்களோடு தொடங்கிய ‘ரூட்ஸ் அண்ட் ஷூட்ஸ்’ இயக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. உகாண்டாவின் காலநிலைச் செயற்பாட்டாளர் வனெஸ்ஸா நகாட்டே 2019-இல் தொடங்கிய திட்டம் கிராமப் பள்ளிகளுக்குச் சூரிய மின்தகடுகளையும் விறகு குறைவாகத் தேவைப்படும் அடுப்புகளையும் அளித்து வருகிறது. இவற்றோடு மன்றம் இணையலாம். ஆனால் மரம் நடுவதோடு நின்றுவிட்டால், எளிய சிக்கல்களை மட்டும் பேசப் பழகிய குழுவாகவே அது இருந்துவிடும்.

ஆண் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்க வேண்டும். பிரம்படி இருபாலருக்கும் விழுகிறது. தலைமைப் பொறுப்பில் பெண் பிள்ளைகள் இருப்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையெனில் ஏழாம் வகுப்பு ஆண் பிள்ளைகளே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். உடற்குறை உள்ள பிள்ளைகளும், பள்ளியைவிட்டு நின்றவர்களும் வர வாய்ப்பிருக்க வேண்டும்.

எந்த மொழியில் நடத்துவது?

பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியில். 2007-இலிருந்து முதல் மூன்று வகுப்புகளில் உள்ளூர் மொழியே பயிற்று மொழி. நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள். மன்றத்தை ஆங்கிலத்தில் நடத்தினால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே வாய் திறப்பார்கள்.

மாதவிடாய் குறித்து மன்றம் பேசலாமா? அது அரசியலாகிவிடாதா?

பேச வேண்டும். துணி நாப்கின் தைப்பதை ஆண், பெண் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து செய்யும் பள்ளிகள் உகாண்டாவில் இருக்கின்றன. கேலி குறைவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எதுவும் எவ்வளவு விரைவில் அரசியலாகும் என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு. 2016 தேர்தலின்போது பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தருவதாக அதிபர் முசெவேனி வாக்களித்தார். 2017-இல் அதற்கு நிதியில்லை என்று கல்வி அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். அதைக் கடுமையாக விமர்சித்து, நாப்கின்களுக்காக மக்களிடம் நன்கொடையும் திரட்டிய கல்வியாளர் ஸ்டெல்லா நியான்சி, அதிபரை அவமதித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஏப்ரலில் கைது செய்யப்பட்டார். பெரியவர் ஒருவர் அந்த விலையைத் தெரிந்தே கொடுக்கலாம். குழந்தைகளையும், அரசு ஊழியர்களான அவர்களின் ஆசிரியர்களையும் நாம் அந்த இடத்துக்குத் தள்ள உரிமையில்லை. மன்றத்தின் கோரிக்கை மேலாண்மைக் குழு, துணை மாவட்டம், மாவட்டம் என்ற படிகளில் போகட்டும். கட்சிகளின் பெயரும் நிறமும் உள்ளே வர வேண்டாம்.

எவ்வளவு பணம் தேவை? எதற்குக் கொடுக்கலாம்?

மன்றத்துக்கே தேவைப்படுவது குறைவு: நோட்டுப் புத்தகங்கள், மணிலா தாள், மார்க்கர், நாடகத்துக்குச் சில துணிகள், கூட்ட நாளில் கஞ்சி. அதிகம் தேவைப்படுவது பெரியவர்களுக்கான செலவு. பொறுப்பாசிரியருக்குப் பருவந்தோறும் பயிற்சி, அண்டைப் பள்ளிப் பொறுப்பாசிரியர்களோடு சந்திப்பு, மாவட்ட அலுவலரின் பயணம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத செலவுகள். நன்கொடையாளர்கள் தயங்குவதும் இவற்றுக்குத்தான். இவற்றுக்கே பணத்தை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் காலணி, பை, கட்டண உதவி என்று கொடுக்க வேண்டாம். அப்படிக் கொடுத்தால் பொருளுக்காகச் சேர்பவர்கள் பெருகுவார்கள், கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் மன்றத்தை வெறுப்பார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவ விரும்பினால் அதைப் பள்ளி வழியாக, மன்றத்தோடு சேர்க்காமல் செய்யுங்கள்.

படங்களையும் கதைகளையும் வெளியிடலாமா?

2019 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, குழந்தை பற்றிய தகவலைத் திரட்டப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் தேவை. ஒப்புதல் இருந்தாலும், துன்பத்தைச் சொன்ன குழந்தையின் முகத்தையும் ஊரையும் சேர்த்து வெளியிடக் கூடாது. அவள் வளர்ந்து வேலை தேடும் நாளிலும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். மன்றப் பிள்ளைகளின் முயற்சியால் கட்டிய கழிப்பறையின் படத்தைப் போடலாம்.

ஏழாம் வகுப்புத் தேர்வு மன்றத்தைப் பாதிக்காதா?

பாதிக்கும். மூன்றாம் பருவத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வருவதில்லை. எனவே ஐந்தாம் வகுப்பிலிருந்தே துணைப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் பருவ முடிவில் பொறுப்பைக் கைமாற்றிவிட வேண்டும்.

ஆதரவை எப்போது நிறுத்தலாம்?

ஓராண்டுத் திட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போவதைவிட வராமலிருப்பது மேல். குறைந்தது ஒரு குழந்தை நான்காம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு முடிக்கும் காலம்வரை நிற்க முடியுமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதன்பின் மூன்றைப் பார்த்து விலகலாம்: பொறுப்பாசிரியர் இடமாற்றம் ஆன பிறகும் கூட்டங்கள் நடந்திருக்கின்றனவா, பள்ளி மேலாண்மைக் குழு தன் நிகழ்ச்சி நிரலில் மன்றத்தின் கோரிக்கைக்கு நிலையான இடம் வைத்திருக்கிறதா, பாதுகாப்புக் குறித்து வந்த புகார் ஒன்று, உங்கள் தலையீடு இல்லாமல், மாவட்ட அலுவலர்வரை போய் முடிவுக்கு வந்திருக்கிறதா. முதலிரண்டும் நிறைவேறி மூன்றாவது நிறைவேறவில்லையென்றால், மன்றச் செலவை நிறுத்திவிட்டு அலுவலரின் பயணச் செலவை மட்டும் தொடர்ந்து கொடுங்கள்.